முளைவிட்ட வெங்காயத்தை எறியலாமா?

காலை நேரம். அடுப்பில் உலை கொதிக்கிறது. மருமகள் வெங்காயக் கூடையைக் கவிழ்க்கிறாள். அடியில் கிடந்த பத்துப் பதினைந்து சின்ன வெங்காயங்கள் பச்சையாக மூக்கை நீட்டிக் கொண்டிருக்கின்றன.

"அத்தை, இதெல்லாம் முளைச்சுப் போச்சு. குப்பையிலே போட்டுடட்டுமா?"

"போடாதேம்மா! பின்னாலே அந்த ஓட்டை வாளி சும்மா கிடக்குதே. அதிலே மண்ணைப் போட்டு ஊன்றி வை. மூணு வாரம் கழிச்சுப் பாரு."

மருமகள் சிரிக்கிறாள்.

"வாளியிலே விவசாயமா, அத்தை? பத்து வெங்காயத்தை வெச்சு என்ன ஆகப் போகுது?"

இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். பெரும்பாலான வீடுகளில் மருமகளின் கட்சியே ஜெயிக்கிறது. வெங்காயம் குப்பைக்குப் போகிறது.

ஆனால், நியாயம் மாமியார் பக்கம் இருக்கிறது!

முளைவிட்ட வெங்காயம் கெட்டுப் போன வெங்காயம் அல்ல. அது உயிரோடு இருக்கிற வெங்காயம். உள்ளே சேர்த்து வைத்திருக்கும் உணவைக் கொண்டு, வெளியே இலை விட அது துடிக்கிறது. ஒரு பிடி மண் கொடுத்தால் போதும். வீட்டுக்குக் கீரை தருகிறது.

அந்தக் கீரைக்குப் பெயர்தான் வெங்காயத்தாள்.

உலகம் எங்கும் உண்டு

வெங்காயக் குடும்பத்தில் இலைக்காகவே வளர்க்கப்படும் செடிகள் பல உண்டு.

ஐரோப்பாவில் 'சைவ்ஸ்' என்று ஒரு செடி இருக்கிறது. ஊசி போல மெல்லிய இலை. உள்ளே குழல். ஊதா நிறத்தில் பந்து போலப் பூக்கும். சமையலறை ஜன்னலில் ஒரு சிறு தொட்டியில் வைத்திருப்பார்கள். முட்டை பொரிக்கும்போது கை நீட்டி நாலு இலையை நறுக்கிப் போடுவார்கள். வெட்ட வெட்ட அது மறுபடியும் துளிர்க்கும். ஆனால் அது குளிர் நாட்டுச் செடி. நம் நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளுக்கு ஏற்றது. சமவெளியின் கோடை வெயிலில் வாடிப் போகும்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் 'குச்சாய்' என்ற கீரையைப் பார்த்திருப்பார்கள். இலை தட்டையாக இருக்கும். பூண்டு வாசம் வீசும். அது வெப்பத்தைத் தாங்கும்.

மணிப்பூரில் இதே இனத்தைச் சேர்ந்த கீரைக்கு 'மரோய்' என்று பெயர். வீட்டுத் தோட்டத்தில் அதற்கென்று ஒரு பாத்தி வைப்பார்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வைணவக் குடும்பங்கள் கூட, அங்கே மரோயைச் சமையலில் சேர்த்துக் கொள்வது உண்டு.

ஐரோப்பியருக்கு சைவ்ஸ். மணிப்பூர்க்காரருக்கு மரோய். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு எது?

சின்ன வெங்காயத்தின் தாள்தான்! அதற்கு விதை தேடி அலைய வேண்டாம். நாற்றுப் பண்ணைக்குப் போக வேண்டாம். அது ஏற்கெனவே கூடையின் அடியில் முளைத்துக் கொண்டிருக்கிறது.

ஆட்சியை ஆட்டிய வெங்காயம்

வெங்காயத்தை அற்பப் பொருள் என்று நினைப்பவர்கள் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1980-ல் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், வெங்காய விலை ஒரு பெரிய பிரசாரப் பொருளாக இருந்தது. 1998-ல் வெங்காய விலை விஷம் போல ஏறியது. அந்த ஆண்டு நடந்த தேர்தலில் டெல்லியில் ஆட்சி மாறியது. அதற்கு வெங்காயமும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

2019-ல் மராட்டிய மாநிலத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை பயிரைக் கெடுத்தது. கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வெங்காய ஏற்றுமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் கப்பலில் வந்தது. நம் ஊர்க் கடைகளில் எகிப்து வெங்காயத்தைப் பார்த்துத் தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். 2023 டிசம்பரில் மறுபடியும் ஏற்றுமதித் தடை வந்தது. 2024 மே மாதம்தான் அது நீங்கியது.

இங்கிலாந்தில் நடந்த கதை இன்னும் வேடிக்கையானது. இரண்டாவது உலகப் போருக்கு முன்பு, அந்த நாட்டுக்கு வேண்டிய வெங்காயத்தில் பெரும் பகுதி வெளியிலிருந்து வந்தது. பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியிலிருந்தும், கால்வாய்த் தீவுகளிலிருந்தும் வந்தது. 1940-ல் அந்த இடங்களை ஜெர்மன் ராணுவம் பிடித்துக் கொண்டது. வெங்காயம் நின்று போயிற்று!

அப்புறம் என்ன? வெங்காயம் தங்கம் ஆகி விட்டது. பரிசுச் சீட்டுக் குலுக்கலில் ஒரே ஒரு வெங்காயத்தைப் பரிசாக வைத்தார்கள். பிறந்த நாளைக்கு வெங்காயத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பூச்செடி இருந்த இடங்களில் எல்லாம் காய்கறி பயிரிடும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டுக் கொண்டது. மக்களும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள்.

தட்டுப்பாடு வந்த பிறகு விழித்துக் கொள்வதை விட, முன்பே ஒரு தொட்டி வைத்திருப்பது நல்லது அல்லவா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"வீட்டிலேயே வெங்காயம் பயிரிடுங்கள், கடைப் பக்கமே போக வேண்டாம்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். அது நடக்கிற காரியமா?

சின்ன வெங்காயம் நன்றாக விளைந்தால் ஏக்கருக்குச் சுமார் 5 ஆயிரம் கிலோ கிடைக்கும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர அடிக்கு 115 கிராம்!

அதாவது, ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம் உள்ள தொட்டியில் மூன்று மாதம் பாடுபட்டால், ஒரு நாள் சாம்பாருக்கு வெங்காயம் தேறும். அவ்வளவுதான்.

மாதம் 4 கிலோ வெங்காயம் செலவாகும் குடும்பத்துக்கு மூன்று மாதத்தில் 12 கிலோ வேண்டும். அதை வீட்டில் விளைவிக்க நூறு சதுர அடிக்கு மேல் இடம் வேண்டும். விவசாயியின் கைப் பக்குவமும் வேண்டும். பட்டணத்தில் எத்தனை வீட்டில் அந்த இடம் இருக்கிறது?

ஆகையால், வீட்டுத் தொட்டியில் வெங்காயத்துக்கு ஆசைப்படக் கூடாது. தாளுக்குத்தான் ஆசைப்பட வேண்டும்.

கிழங்கு முற்ற 70 நாள் முதல் 90 நாள் வரை ஆகிறது. தாளோ மூன்று, நான்கு வாரத்தில் அறுப்புக்கு வந்து விடுகிறது. ஒரு முறை அறுத்தால் மறுபடி தழைக்கிறது. அதே தொட்டியில் இரண்டு மூன்று முறை அறுக்கலாம். முதலீடு, எறியப் போகிற வெங்காயம்!

வீட்டுத் தோட்டம் என்று ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டவர்கள் ஏராளம். பெரிய பைகள், உரங்கள், விதைப் பொட்டலங்கள் என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். முதல் மாதமே தக்காளியும் கத்தரியும் காய்த்துக் குலுங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒரு பூச்சி வந்ததும் மனம் உடைந்து போகிறார்கள். பைகள் மாடி மூலையில் மக்குகின்றன.

தோட்டத்தைச் சுலபமான செடியில் தொடங்க வேண்டும். வெங்காயத்தாளை விடச் சுலபமான செடி வேறு எது?

தட்டில் என்ன லாபம்?

வெங்காயத்தில் இல்லாத சத்து, அதன் தாளில் இருக்கிறது.

100 கிராம் வெங்காயத்தில் வைட்டமின் 'சி' சுமார் 7 மில்லிகிராம் உண்டு. அதே எடையுள்ள தாளில் சுமார் 19 மில்லிகிராம் உண்டு. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ', வெங்காயக் கிழங்கில் இல்லை என்றே சொல்லலாம். பச்சைத் தாளில் அதற்கு மூலப்பொருளான கரோட்டீன் இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் 'கே'யும் தாளில் அதிகம்.

இதைக் கேட்டு, வெங்காயத்தாள் ஒன்றே சர்வரோக நிவாரணி என்று எண்ண வேண்டாம். சத்தில் அது முருங்கைக் கீரையை வெல்லாது. ஆனால் முருங்கைக்கு மரம் வேண்டும். இதற்கு ஓட்டை வாளி போதும்!

இன்னொரு லாபமும் உண்டு. கீரை என்றால் ஓடுகிற குழந்தைகள், வெங்காய வாசனையை வெறுப்பதில்லை. பொடியாக நறுக்கி முட்டையில் கலக்கலாம். அடை மாவில் போடலாம். பாசிப்பருப்புடன் பொரியல் செய்யலாம். தேங்காய், மிளகாய், புளி சேர்த்து வதக்கித் துவையல் அரைக்கலாம். ரசத்தை இறக்கும்போது கொஞ்சம் தூவலாம்.

"கடையிலே கட்டுக் கட்டாகக் கிடைக்கிறதே?" என்று கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் வீட்டுக்கு வேண்டியது ஒரு பிடி. வாங்குவது ஒரு கட்டு. மிச்சம் இரண்டே நாளில் மஞ்சளாகி, நாலாம் நாள் குப்பைக்குப் போகிறது. தொட்டியில் இருந்தால், வேண்டும்போது வேண்டிய அளவு பறித்துக் கொள்ளலாம்.

வளர்க்கும் வழி

வளர்க்கும் முறை வெகு எளிது.

தொட்டி: அரை அடி ஆழம் போதும். ஓட்டை வாளி, பழைய மண்சட்டி, எண்ணெய் டின் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பெயிண்டும் பூச்சி மருந்தும் இருந்த டப்பாக்கள் மட்டும் கூடாது. அடியில் நாலைந்து துளை போட வேண்டும். துளை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். வேர் அழுகும்.

மண்: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் கூடாது. களிமண்ணும் ஆகாது.

கிழங்கு: முளைவிட்டதும், கையால் அழுத்தினால் கெட்டியாக இருப்பதும் நல்லது. கொழகொழவென்று இருப்பதையும், கரும்பூசணம் பிடித்ததையும் விலக்கி விட வேண்டும். அன்றைக்கு அறுவடையான புது வெங்காயத்தை நட்டால் சீக்கிரம் முளைக்காது. சில வாரங்கள் ஓய்வெடுத்த பிறகே அது கண் விழிக்கும்.

நடுவது: வேர்ப்பக்கம் கீழே; முளை மேலே. கிழங்கின் தலை மண்ணுக்கு மேலே லேசாகத் தெரிய வேண்டும். ஒன்றுக்கொன்று மூன்று அங்குலம் இடைவெளி விட்டால், ஒரு சதுர அடியில் 16 கிழங்குகள் நடலாம்.

வெயில்: ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் தாள் வெளுத்து, நீண்டு, சாய்ந்து விடும். சித்திரை வெயிலில் மட்டும் நடுப்பகல் நிழல் இருந்தால் நல்லது.

தண்ணீர்: மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றலாம். அரிசி களைந்த நீரும், காய்கறி கழுவிய நீரும் போதும். சோப்பு நீரும் உப்பு நீரும் கூடாது.

அறுப்பது: தாள் முக்கால் அடி உயரம் வந்ததும் அறுக்கலாம். வேரோடு பிடுங்கக் கூடாது. மண்ணுக்கு மேலே ஓர் அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டியதும் ஒரு பிடி எரு தூவித் தண்ணீர் ஊற்றினால், மறுபடி தழைக்கும். மூன்றாவது அறுப்பில் தாள் மெலிந்து போகும். அப்போது கிழங்கோடு பிடுங்கிச் சமையலுக்கு எடுத்துக் கொள்ளலாம். புதிதாக நடலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நட வேண்டாம். மூன்று தொட்டிகள் வைத்து, பத்து நாளைக்கு ஒன்றாக நட்டால், மாதம் முழுவதும் தாள் கிடைக்கும்.

எச்சரிக்கை!

தாளில் வெள்ளி வெள்ளியாகக் கோடுகள் தெரிந்தால், அது இலைப்பேன் என்ற சிறு பூச்சியின் வேலை. தண்ணீரை வேகமாகத் தெளித்துக் கழுவினால் பாதி போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் மீதியும் அடங்கும். தெளித்த பிறகு சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிச் சாப்பிட வேண்டும். சாப்பிடும் கீரைக்குக் கடை விஷ மருந்து வேண்டவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் தட்டு வைத்தால், அதில் தண்ணீர் தேங்க விடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் கொசு அந்த ஒரு கரண்டி தண்ணீரில் கூட முட்டையிடும்.

தொட்டியை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கக் கூடாது. கீழே குழந்தைகள் விளையாடும் இடமாக இருக்கலாம்.

வெங்காயமும் தாளும் மனிதருக்கு நல்லவை. நாய்க்கும் பூனைக்கும் கேடு விளைவிப்பவை. அவை ரத்தத்தின் சிவப்பு அணுக்களை அழிக்கும். மாட்டுக்கும் அதிகமாகக் கொடுக்கக் கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க 'வார்பரின்' போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தாளைத் திடீரென்று அதிகமாகச் சேர்க்கும் முன்பு டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது.

வீட்டுக்காரர் மனம் இரங்குவாரா?

சொல்வது சுலபம், செய்வது கடினம் என்பார்கள். பட்டணத்துக் குடும்பங்களுக்கு முதல் இடைஞ்சல் மண்ணும் அல்ல, தண்ணீரும் அல்ல. வீட்டுக்காரர்!

"மாடியிலே தொட்டி வைக்காதீங்க. தளம் ஒழுகும்" என்று அவர் சொல்கிறார். குடியிருப்பவர் வாய் மூடிக் கொள்கிறார். வீடு கிடைப்பதே பெரும்பாடு. ஒரு தொட்டிக்காக யார் சண்டை போடுவார்கள்?

வீட்டுக்காரரின் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஈரமான மண்ணைத் தளத்தின் மேல் நேராகக் கொட்டினால் தளம் கெடும். ஆனால் நாலு செங்கல்லின் மேல் நிற்கும் ஒரு வாளி, எந்தத் தளத்தையும் ஒழுக வைக்காது. தண்ணீர் தேங்காமல் பார்த்துக் கொண்டால் போதும். வாசற்படி ஓரத்திலும், கொல்லைத் திண்ணையிலும், துணி காயும் இடத்தின் மூலையிலும் வைக்கலாம்.

குடித்தனக்காரர் இதைப் பணிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் மனம் இரங்க வேண்டும். ஒரு வீட்டில் குடியிருப்பவர் ஒரு செடி வைக்கக் கூடாது என்பது என்ன தர்மம்? வாடகை வாங்குகிறவர் ஒரு பிடி வெயிலுக்குமா கணக்குப் பார்ப்பது?

இதுவும் அம்மா வேலைதானா?

இன்னொரு இடைஞ்சல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தொட்டி வாங்கி வைப்பது அப்பா. "நம் வீட்டுத் தோட்டம்" என்று பெருமை பேசுவதும் அப்பா. தண்ணீர் ஊற்றுவது மட்டும் அம்மா! வாடினால் திட்டு வாங்குவதும் அம்மா!

விடிந்தது முதல் படுக்கப் போகும் வரை ஓயாமல் உழைக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதற்கு வீட்டுத் தோட்டம் என்று பெயர் வைக்கக் கூடாது. அப்படியானால் அந்தத் தோட்டமே வேண்டாம்.

பிள்ளைகளிடம் விட்டு விடுங்கள். எட்டு வயதுப் பையனுக்கு விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்க்கத் தெரியாதா? பத்து வயதுப் பெண்ணுக்கு அடிக்கோலை வைத்து இலையை அளக்கத் தெரியாதா? நட்ட நாள், முளைத்த நாள், அறுத்த நாள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் படிக்கிற தாவரவியல், வாசலிலேயே வளர்வதைக் காணட்டும்.

அறுப்பது அப்பா வேலையாக இருக்கட்டும். நறுக்குவதும் அவர் வேலையாக இருந்தால் இன்னும் நல்லது!

ஏக்கர்க்காரரின் கண்ணீர்

வாளியில் பதினாறு வெங்காயம் நட்டவருக்கு ஒரு நாள் சோதனை வரும். இரவு பெய்த மழையில் வாளியில் தண்ணீர் நிற்கும். காலையில் பார்த்தால் நாலு கிழங்கு அழுகியிருக்கும். மனம் கொஞ்சம் வேதனைப்படும்.

அந்த நேரத்தில் பெரம்பலூரையும் திண்டுக்கல்லையும் நினைத்துக் கொள்ள வேண்டும்.

அங்கே விவசாயி நட்டிருப்பது பதினாறு கிழங்கு அல்ல. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம்! அதை விலை கொடுத்து வாங்கி நட்டிருக்கிறார். விலை ஏறிய காலத்தில் விதை வெங்காயமும் ஏறிய விலைதான். கடன் வாங்கி நடுகிறார். அவரைப் போலவே சுற்றியுள்ள எல்லோரும் நடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து எல்லோருடைய வெங்காயமும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகிறது. விலை சரிகிறது. பறிக்கிற கூலிக்குக் கூட வெங்காயம் விற்காத நாட்கள் உண்டு.

நல்ல விலை வரட்டும் என்று பட்டறை போட்டுச் சேர்த்து வைத்தால், மழை ஈரம் உள்ளே புகுந்து அழுக வைக்கிறது.

வெங்காயம் 100 ரூபாய் விற்றால் பட்டணம் முழுவதும் கூச்சல் போடுகிறது. பத்து ரூபாய் விற்றால் யாராவது மூச்சு விடுகிறார்களா? "இன்றைக்கு மலிவு" என்று இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி, கூடையில் கொட்டி, மறந்து விடுகிறார்கள். அதுதான் முளைக்கிறது. அதைத்தான் குப்பையில் எறிகிறார்கள்.

விவசாயி கண்ணீர் விட்டு விளைவித்ததை எறிவது பாவம் அல்லவா?

வீட்டுத் தொட்டி வெங்காய விலையைக் குறைக்காது. அரசாங்கம் செய்ய வேண்டிய காரியத்தை ஓட்டை வாளி செய்து விடாது. சேமிப்புக் கிடங்கும், நியாய விலையும் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும். அவற்றைக் கேட்டுக் கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆனால், ஒரு பிடி மண்ணில் ஒரு முறை நட்டுப் பார்த்தவர், சந்தையில் வெங்காயத்தை வேறு கண்ணோடு பார்ப்பார். பேரம் பேசும்போது அவர் நாக்கு சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம் ஒரு வீட்டில் பிறந்தால் நல்லது. ஊரில் பிறந்தால் இன்னும் நல்லது.

மூன்று வாரம் கழித்து

மாமியார் சொன்னது பலித்து விட்டது. ஓட்டை வாளியில் பச்சைப் பசேல் என்று தாள் நிமிர்ந்து நிற்கிறது. மருமகள் கத்தரியோடு வருகிறாள். பேரன் குறுக்கே ஓடி வந்து நிற்கிறான்.

"அம்மா, அம்மா! நான்தானே தண்ணி ஊத்தினேன்? நான்தான் வெட்டுவேன்!"

அன்றைக்கு அடையில் வெங்காயத்தாள். கீரை என்றாலே தட்டைத் தள்ளுகிற பையன், "என் தோட்டத்து அடை" என்று இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.

மருமகள் கூடையை மறுபடி கவிழ்க்கிறாள். ஏழெட்டு வெங்காயம் மூக்கை நீட்டிக் கொண்டிருக்கிறது.

"அத்தை, இன்னொரு வாளி இருக்குதா?" என்று கேட்கிறாள்.

உங்கள் வீட்டுக் கூடையின் அடியிலும் இன்றைக்கு ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள்!